வீட்டில் யாரும் இல்லை

ஈப்போவில் தமிழன் எந்தெந்த வீட்டில் இருக்கிறான் என்று தெரிய வேண்டுமா? கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பெண்ணைப் புந்தோங்கிலோ சிலிபினிலோ ஒரு தெருவில் நடக்க விடுங்கள். டிவி சத்தம் சட்டென்று அடங்கும் வீடெல்லாம் நம்முடையது. ஜன்னல் திரை அரை அங்குலம் விலகும். நாய்ச் சங்கிலி கழலும். உள்ளேயிருந்து தெளிவான தமிழில் பதில் வரும்: "வீட்ல யாரும் இல்லம்மா!"

2020 ஜூலை 7-ஆம் தேதியைக் கணக்கெடுப்பு நாளாக வைத்து மலேசியப் புள்ளிவிவரத் துறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. கொரோனா காலம். இணையத்தில் நீங்களே நிரப்புங்கள் என்றார்கள். நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம், அந்த இணைப்பை நான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பி, கீழே "இது உண்மையா, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டோம். அக்டோபரில் வீடு வீடாக வர இருந்தவர்கள் தொற்றினால் தள்ளிப்போட்டு 2021 ஜனவரி 20-இல் வந்தார்கள். நடமாட்டக் கட்டுப்பாடு திரும்பி வந்த அதே மாதம். தற்காலிக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு, வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

"அங்கிள், பாஞ்சி எடுக்க வந்திருக்கேன். வீட்ல எத்தனை பேரு?"

"எதுக்கு? சோறு போடப் போறியா?"

"இல்ல அங்கிள், அரசாங்கக் கணக்கு..."

"அது கெடக்கட்டும். நீ யாரு வீட்டுப் பிள்ள? அப்பா பேரென்ன? எந்தத் தோட்டம்?"

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவள் தாத்தா எந்தத் தோட்டத்தில் தண்டலாக இருந்தார், அப்பா யாருக்கு லோரி ஓட்டுகிறார், அண்ணன் ஏன் சிங்கப்பூர் போனான், அவளுக்குச் சம்பளம் எவ்வளவு, மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்பதெல்லாம் அங்கிள் கைக்கு வந்துவிடும். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பார். அரசாங்கப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. அங்கிளின் படிவத்தில் அதுதான் முதல் கட்டம்; நாகரிகம் கருதிக் கடைசியில் கேட்கிறார். அவள் கேட்க வந்த கேள்வி ஒன்றுக்கும் பதில் கிடைத்திருக்காது. "சொந்த விவரம் எல்லாம் வெளிய சொல்ல மாட்டோம்மா, காலம் கெட்டுக் கெடக்கு."

இந்த எச்சரிக்கை உணர்வு மெச்சத்தக்கது. பேரங்காடியில் மோட்டார் சைக்கிள் குலுக்கல் என்றால் ஐ.சி. எண், வீட்டு முகவரி, மனைவியின் கைப்பேசி எண் வரை அச்செழுத்தில் நிரப்பிப் பெட்டியில் போட்டவர் இவர்தான். "உங்க பேர்ல கூரியர்ல போதைப்பொருள் வந்திருக்கு, நான் புக்கிட் அமான் இன்ஸ்பெக்டர் பேசுறேன்" என்று ஒருவன் போன் செய்தபோது டி.ஏ.சி. எண்ணை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியவரும் இவர்தான். பந்துவான் என்னும் அரசாங்க உதவி வருகிறது என்றால் விடியுமுன் வரிசையில் நின்று சம்பளச் சீட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் முகம் தெரியாத கட்சிக்காரன் கையில் கொடுப்பார். திருடனுக்கும் தலைவனுக்கும் திறந்த கதவு, கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு மட்டும் திறக்கவில்லை. அவள் பரிசும் தரவில்லை, மிரட்டவும் இல்லை. அப்படிப்பட்டவளை எப்படி நம்புவது?

எண்ணப்படுவது நமக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த மண்ணில் நம்மைப்போல் எண்ணப்பட்டவர்கள் குறைவு. 1891-ஆம் ஆண்டு பிரிட்டிஷ்காரன் கணக்கெடுத்தபோதே 'தமிழர்களும் இந்தியாவின் பிற பூர்வகுடிகளும்' என்று நமக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டான். தோட்டத்தில் தினமும் கணக்கெடுப்பு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கிராணி செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு. அதனால் அந்தக் கணக்கில் ஒரு தலையும் விடுபடாது. காய்ச்சலில் படுத்திருந்தவனைக்கூட லயத்துக்கே வந்து எழுப்பி எண்ணினார்கள். யாரும் "வீட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்ததாகக் கதை இல்லை.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1942-43-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. நம்மவர்களுக்கு? எழுபதாயிரம் ஆசியத் தொழிலாளர் என்பார் ஒருவர், தொண்ணூறாயிரம் என்பார் இன்னொருவர், லட்சத்தையும் தாண்டும் என்பார் மூன்றாமவர். அதில் தமிழர் எத்தனை என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். பதிவேடு வைக்கவில்லை, ஆகவே யாரும் பதில் சொல்லவும் இல்லை. 1947-இல் மலாயாவில் மறுபடி கணக்கெடுத்தபோது இந்தியர் தொகை 1931-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. முப்பதுகளின் மந்தத்தில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியதும் அதில் சேர்த்தி. பாதையில் புதைந்ததும் சேர்த்தி. அந்த மனிதர்கள் இல்லாமல் போனதை அரசாங்கத் தாளில் காட்டியது, நாம் நாயை அவிழ்த்து விரட்டுகிற இந்தக் கணக்கெடுப்புதான்.

பயத்துக்கு வேர் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை. பிறகு முள்வேலிக்குள் குடியமர்த்தி, தலைக்கு இவ்வளவு அரிசி என்று அளந்தார்கள். அட்டை இல்லை என்றால் இராணுவம் பிடித்தது. அட்டை இருந்தால் காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்காரன் வந்து கிழித்தான். இதை அனுபவித்தவர்கள் படிவத்தைக் கண்டு பயந்தால் அவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். 1983-இல் மேற்கு ஜெர்மனியில் மக்கள் கணக்கெடுப்பை எதிர்த்தார்கள். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தன் விவரத்தைத் தருவதும் தராததும் அடிப்படையில் தனிமனிதன் உரிமை என்று அரசியல் சட்ட நீதிமன்றத்திடம் தீர்ப்பு வாங்கினார்கள். கணக்கெடுப்பு விதிகள் திருத்தப்பட்டன. அதற்குப் பெயர் எதிர்ப்பு. நம் அங்கிளின் எதிர்ப்பு, டிவி சத்தத்தைக் குறைப்பதோடு முடிகிறது.

ஆனால் அவசரகாலத்தை அனுபவித்தவர்கள் கதவைச் சாத்துவதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஏதாவதொரு தோட்டத்துக்குள் போங்கள். பாதி இடிந்த லயத்தில் ஒரு பாட்டி இருப்பார். கணக்கெடுக்க வந்த பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கோப்பி கலக்கிக் கொடுப்பார். கேட்காமலே பிஸ்கட் டின்னைத் திறந்து எல்லாக் காகிதங்களையும் எடுத்து வைப்பார். பிறந்தது இங்கே. மங்கு கழுவிய வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை பால்மரம் வெட்டியது இங்கே. ஐ.சி. மட்டும், நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு. பிறந்தபோது பதிந்தவர் யாரும் இல்லை. பதிய வேண்டும் என்று சொன்னவரும் இல்லை. தினமும் பெயர் கூப்பிட்ட செக்ரோலில் அவர் இருந்தார். நாட்டின் பிறப்புப் பதிவில் இல்லை. டேப்லெட்டில் குடியுரிமைக்கு ஒரு கேள்வி. 'குடிமக்கள் அல்லாதோர்' என்பதை அழுத்துவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை. நேற்று விமானத்தில் இறங்கியவனும் நாற்பது வருடம் இந்த நாட்டுக்கு ரப்பர் எடுத்துக் கொடுத்த கிழவியும் ஒரே கட்டத்தில்! 'உங்கள் தரவு, நமது எதிர்காலம்' என்பது அந்தக் கணக்கெடுப்பின் முழக்கம். பாட்டி தரவு கொடுத்துவிட்டார். எதிர்காலத்தைத்தான் இன்னும் காணோம்.

இப்படி எத்தனை பாட்டிகள்? இங்கேதான் நம் தலைவர்கள் வருகிறார்கள். 2018 தேர்தலுக்கு முன்னால் நாடற்ற இந்தியர்கள் மூன்று லட்சம் பேர் என்று எதிரணி மேடைக்கு மேடை முழங்கியது. அப்படியெல்லாம் இல்லை, சில ஆயிரம்தான் என்று மறுமேடை சொன்னது. எதிரணி ஆளும் அணியானது. சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 3,407 பேர் குடியுரிமைக்குத் தகுதி என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். மூன்று லட்சம் எங்கே போனது என்று கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. வராது. சரியான தொகை தெரிந்துவிட்டால் வேலை செய்ய வேண்டியிருக்கும். தெரியாத தொகை என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மைக்கைப் பிடித்து அழலாம். நம் தலைவர்களுக்கு இந்தக் குழப்பம், ஆண்டுதோறும் காய்க்கும் டுரியான் மரம். அதை வெட்டச் சொன்னால் எவன் வெட்டுவான்?

அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் கதவைச் சாத்திய அங்கிள். அவருக்குத் தெரியாமலே ஊற்றுகிறார் என்று இரக்கப்படலாம்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

கணக்கெடுப்பு முடிவு 2022 பிப்ரவரியில் வந்தது. மலேசியாவில் 3 கோடியே 24 லட்சம் பேர். பேராவில் சுமார் 25 லட்சம். குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. 2010-இல் 7.3 ஆக இருந்தது. அன்றைக்கு ஈப்போக் கோப்பிக்கடைகளில் கேட்க வேண்டுமே! "சதி! நம்ம ஆளுங்களக் கொறச்சிக் காட்டுறானுங்க!" மேசையைத் தட்டியவரின் முகத்தைப் பார்த்தால், ஆம், அவரேதான். பிள்ளை பெறுவது குறைந்ததைப் பற்றியோ, படித்தவர்கள் வெளிநாடு போனதைப் பற்றியோ பேச்சில்லை. கேட்டைத் திறக்காததைப் பற்றி மூச்சே இல்லை.

அவருக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு: "பங்களாதேஷ்காரனையும் இந்தோக்காரனையும் எதுக்கு எண்ணுறீங்க?" குடிமக்கள் அல்லாதோர் சுமார் 27 லட்சம் பேர் அந்தக் கணக்கில் சேர்ந்ததில் அவருக்குத் தாங்கவில்லை. தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில், நம் தாத்தா படுத்த லயத்திலேயே இன்று அவர்கள் படுக்கிறார்கள். டேப்லெட்டைக் கண்டால் குடிநுழைவு அதிகாரி என்று எண்ணிச் செம்பனைக்குள் ஓடுகிறார்கள். ஓடுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. தாத்தாவையும் ஒரு காலத்தில் "கூலிகளை எதற்கு இந்த நாட்டுக் கணக்கில் சேர்க்கிறீர்கள்" என்று கேட்டவர்கள் உண்டு. பேரன் அதே கேள்வியைத் தமிழில் கேட்கிறான்.

இந்தியாவைப் பார்த்தாவது ஆறுதல் அடையலாம். 2011-க்குப் பிறகு 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் நின்றது. கொரோனா போயும் பல ஆண்டுகள் தொடங்கவில்லை. இப்போது 2027 மார்ச் முதல் தேதியைக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே அரசாங்கமே உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் நஷ்டத்தைச் சொல்கிறேன். பேராவில் 134 தமிழ்ப்பள்ளிகள், நாட்டிலேயே அதிகம். தோட்டங்கள் காலியாகிவிட்டன, பள்ளிகள் அங்கேயே நிற்கின்றன. 150-க்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று முத்திரை. பிள்ளைகள் குடியேறிய தாமான் குடியிருப்புகளிலோ தமிழ்ப்பள்ளி இல்லை. பள்ளியை இங்கே இடம் மாற்றுங்கள் என்று மனுக் கொடுத்தால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, இந்த வட்டாரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. நம் மனுக்கள் என்ன சொல்கின்றன தெரியுமா? "நிறையப் பேர் இருக்கிறார்கள்." நிறையப் பேர்! கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு எத்தனை தட்டு என்று கச்சிதமாகக் கணக்குச் சொல்லும் சமூகம், தன் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் "நிறைய" என்கிறது.

புள்ளிவிவரத் துறைக்கும் ஒரு வார்த்தை. எண்ணியது போதாது, எண்ணியதை வைத்து என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். சிவப்பு ஐ.சி. பாட்டி உங்கள் 27 லட்சத்துக்குள் எங்கே இருக்கிறார்? பிறந்த இடம் எது என்பதையும் குடியுரிமை எது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கேயே பிறந்து இந்த நாட்டுக் குடிமகன் ஆகாதவர்கள் மாவட்டவாரியாக எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போடலாம். போட்டு நாடாளுமன்றத்தில் வையுங்கள். மேடையில் அழுகிறவர்களின் கண்ணீரை அதைவிட வேகமாகத் துடைக்கும் கைக்குட்டை இல்லை.

மலேசியாவில் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் இந்தக் கணக்கு. அடுத்தது 2030. அதற்குள் அந்தப் பாட்டிகளில் பலர் இறந்துவிடுவார்கள். நாடற்றோர் தொகை வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று ஓர் அமைச்சர் மகிழ்ச்சியோடு அறிவிப்பார், நாமும் கைதட்டுவோம். அப்படிக் கைதட்ட விருப்பமில்லாதவர்கள் இந்த வாரமே பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், பிஸ்கட் டின்னில் இருக்கும் காகிதங்களைப் பார்த்து, பெயர் எழுதி, உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.