ஒரு பக்கி, மூன்று பிள்ளை, இரண்டாம் மாடி

சின்ன ஃபிளாட்டில் பிள்ளை வளர்ப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிள்ளையைப் பற்றியே இல்லை. பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டியைப் பற்றித்தான்! இங்கிலாந்தில் அதற்குப் பெயர் பக்கி.

கே: மூத்தவனுக்கு மூன்று வயது. அடுத்து இரட்டைப் பெண்கள், இப்போது ஆறு வாரம். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, படுக்கையறை ஒன்றுதான். மூன்று பேரும் உட்காரும் வண்டி விற்கிறதாமே, வாங்கட்டுமா அக்கா?
— மாடிப்படி அம்மா, ஈஸ்ட் ஹாம்

ப: விற்கிறது. நாலு பேர் உட்காரும் வண்டியும் உண்டு. அதைத் தெருவில் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் நர்சரியில் வேலை செய்பவர்கள். சாயங்காலம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குக் கைவீசிக்கொண்டு போவார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

வீட்டில் எத்தனை பிள்ளை என்று எண்ணாதீர்கள். நடக்க முடியாத பிள்ளை எத்தனை, அது இன்னும் எத்தனை மாதத்துக்கு என்று எண்ணுங்கள். மூத்தவனுக்குக் கால் இருக்கிறது, மனசுதான் இல்லை. அவனுக்கு இருக்கை எதற்கு? வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற சின்னச் சக்கரப் பலகை போதும். இங்கே பக்கி போர்டு என்பார்கள். பெரும்பாலானவை 20 கிலோ வரை தாங்கும். ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு காலேஜ் போன அப்பாவுக்குப் பிறந்தவன் என்றால் இறங்கவே மாட்டான். உங்கள் வண்டிக்கு அந்தப் பலகை பொருந்துமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, தேவை இருவர் வண்டி. ஆறு மாதம் வரை குழந்தைகள் மல்லாந்து படுத்தபடி போக வேண்டும். ஐரோப்பியத் தரவிதியான இஎன் 1888, ஆறு மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்கான இருக்கை குறைந்தது 150 டிகிரி சாய வேண்டும் என்கிறது. கடைக்காரர் "பிறந்ததிலிருந்து பயன்படுத்தலாம்" என்றால், இரண்டு இருக்கையும் அப்படிச் சாயுமா என்று கேளுங்கள். ஒன்று படுக்கையாகவும் மற்றது நாற்காலியாகவும் இருக்கிற வண்டி, வயது வித்தியாசமுள்ள அண்ணன் தம்பிக்கு. இரட்டையருக்கு அல்ல.

இனி மாடிப்படி. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்திய ஆளின் கதைதான். ஒன்றை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்றால், கீழே இன்னொன்று தனியாக. விடை இதுதான்: ஒரு குழந்தை நெஞ்சோடு கட்டிய துணித் தூளியில், மற்றது ஒரு கையில், மூத்தவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி உங்களுக்கு முன்னால், உங்கள் இன்னொரு கையும் கம்பியில். வண்டிக்குக் கை மிச்சமில்லை, பார்த்தீர்களா? அதனால்தான் இரண்டாம் மாடிக்காரர்கள் நிறத்தையும் குடையையும் பார்க்கும் முன் எடையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். இருவர் வண்டி சாதாரணமாகவே 12, 15 கிலோ வரும். கார் இருந்தால் அது டிக்கியிலேயே குடியிருக்கட்டும். இல்லையென்றால் கணவர் வந்து தூக்கும் வரை அது எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்துவிட்டுப் பணத்தை எடுங்கள். குழந்தைகளை உட்காரவைத்தபடியே வண்டியைப் படியில் இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கே: பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியா, ஒன்றன்பின் ஒன்றா?
— இருவர் அப்பா, வெம்பிளி

ப: டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். இங்கே வீட்டுக்குள் இருக்கும் கதவு பெரும்பாலும் 762 மில்லிமீட்டர், அதாவது நம் கணக்கில் இரண்டரை அடி. பழைய வீடுகளில் 686கூட உண்டு. அதுவும் கதவுப் பலகையின் அகலம். திறந்து நிற்கும் கதவின் தடிமனும் கைப்பிடியும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். பக்கவாட்டு வண்டிகள் பெரும்பாலும் 70 முதல் 80 செ.மீ. கணக்கு உங்களுக்கே புரியும்.

அப்படியானால் ஒன்றன்பின் ஒன்று என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அகலம் சாதாரண வண்டி அளவுதான், கதவில் வெண்ணெய் போல வழுக்கிப் போயிற்று. மறுநாள் கட்டடத்து லிஃப்டில் ஏற்றினேன். நானும் குழந்தைகளும் உள்ளே, முன்சக்கரம் வெளியே. கதவு மூடியது, சக்கரத்தில் இடித்தது, திறந்தது. மறுபடி மூடியது, இடித்தது, திறந்தது. ஏழாவது தடவை, "வெளியேயிருந்து தள்ளட்டுமா?" என்று கீழ்வீட்டுப் பாட்டி கேட்டார். கடைசியில் சின்னவளைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியை முன்பக்கம் நிமிர்த்தி, குதிரை முன்காலைத் தூக்குவது போல நிறுத்திவைத்துத்தான் மேலே போனேன். அகலம் அளந்தவள் நீளம் அளக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதி. பின்னால் இருப்பவளுக்கு முன்னால் இருப்பவனின் முதுகுத்துணிதான் உலகம். உதைப்பாள். பக்கவாட்டிலோ இரண்டும் ஒரே பிஸ்கட்டுக்குச் சண்டை போடும். பக்கவாட்டு வண்டியைத் தள்ளுவதும் திருப்புவதும் எளிது என்பது என் கட்சி. ஆனால் என் கட்சியைவிட உங்கள் கதவு பெரியது. மன்னிக்கவும், சிறியது.

கே: 'பக்கி' என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊரில் அது திட்டு இல்லையா?
— புதிதாய் வந்தவள், ஹாரோ

ப: திட்டுதான். என் அம்மா முதன்முறை வந்தபோது, "பக்கியை எடுத்துட்டு வா" என்று நான் சொன்னதும் மாப்பிள்ளையைப் பார்த்தார். வேறு பெயர் என்ன சொல்வீர்கள்? தள்ளுவண்டி என்றால் இட்லிக்கடை. நடைவண்டி என்றால் பிள்ளை தள்ளுவது. பக்கியே இருக்கட்டும்.

கே: நாங்கள் நாலு பெற்றோம். ஒரு வண்டியும் இல்லை. இடுப்பில்தான் வளர்த்தோம். இது என்ன புது ஆடம்பரம்?
— மாமியார், தாம்பரம் (தற்சமயம் டூட்டிங்)

ப: இடுப்பு உங்களுடையது மட்டுமா அம்மா? அத்தை இடுப்பு, சித்தி இடுப்பு, பக்கத்து வீட்டு அக்கா இடுப்பு என்று ஒரு தெருவே சுமந்தது. உங்கள் மருமகளுக்கு இந்த ஊரில் இருப்பது ஒரே இடுப்பு, அதுவும் சிசேரியனுக்குப் பிறகு. ஆனால் ஒரு பாதி உங்களுக்கே வெற்றி. சின்ன வீட்டில் வண்டியைவிட அதிகம் உழைப்பது துணித் தூளிதான். மடித்தால் தலையணை உறைக்குள் போகும். குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும், மோவாய் நெஞ்சில் ஒட்டக் கூடாது. இந்த இரண்டையும் நீங்களே பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்ளுங்கள்.

கே: வண்டியை மாடிப்படிக்குக் கீழே பொது வழியில் நிறுத்தினால் வீட்டு நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டுகிறது. குழந்தை உள்ளவர்கள் மேல் இரக்கமே இல்லையா?
— கோபக்காரி, சவுத்தால்

ப: நோட்டீஸ் பக்கம்தான் நான். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்க வேண்டிய ஒரே வழி அது. புகையில் கண் தெரியாமல் இறங்குகிறவர் காலில் உங்கள் வண்டி சிக்கினால்? சண்டைக்குப் பதிலாக, சைக்கிள் ஷெட்டில் இடம் கேட்டு எழுதுங்கள்.

வீட்டுக்குள் இடம் பார்க்க ஒரு வழி. வாங்க நினைக்கும் வண்டியை மடித்தால் என்ன நீள அகலம் என்று குறித்துக்கொண்டு, வைக்கப்போகும் இடத்தில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். கோலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பழைய அட்டைப்பெட்டியை மடித்த வண்டியின் உயரத்துக்கு நிறுத்தி, மூன்று நாள் குடித்தனம் நடத்துங்கள். நடு ராத்திரி பால் கலக்கப் போகிறவர் அதில் இடித்துக்கொண்டால் அந்த வண்டி உங்களுக்கில்லை.

கே: கணவர் மூன்று சக்கர ஜாகிங் வண்டிதான் வேண்டும் என்கிறார்.
— பெயர் வேண்டாம், க்ராய்டன்

ப: அவர் ஓடுகிறாரா?

கே: பஸ்ஸில் வண்டியை மடிக்கச் சொன்னார் டிரைவர். இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. மடிக்கத்தான் வேண்டுமா?
— 25ஆம் நம்பர் பஸ் பயணி, இல்ஃபோர்ட்

ப: இடம் காலியாக இருந்தால் விரித்தபடி போகலாம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்துவிட்டால் அந்த இடம் அவருக்கு. 2012இல் லீட்ஸ் போகும் பஸ் ஒன்றில் டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியோடு காத்திருக்க, தூங்கும் குழந்தையோடு இருந்த ஒரு தாய் நகர மறுத்துவிட்டார். வண்டி மடியாது என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டிரைவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது என்று 2017இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தாயின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் அடுத்த பஸ்ஸில் ஏறலாம். சக்கர நாற்காலிக்காரருக்கு அடுத்த பஸ்ஸிலும் வேறொரு பக்கி நிற்கும். ஒரு கையால் மடியும் வண்டியா என்று கடையில் சோதித்து வாங்குங்கள். சோதிக்கும்போது விற்பனையாளர் கையால் அல்ல, உங்கள் கையால். மறு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இப்படி மடியும் வண்டியை யார்தான் கண்டுபிடித்தது? கும்பிட வேண்டும்.
— நன்றியுள்ளவன், ஹேய்ஸ்

ப: ஒரு தாத்தா. ஓவன் மெக்லாரன், விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரக் கால் வடிவமைப்பில் வேலை பார்த்தவர். வெளிநாட்டில் இருந்த மகள் பேத்தியோடு வந்தபோது, கூடவே வந்த கனத்த வண்டியைப் பார்த்து முகம் சுளித்தார். இறங்கும்போது விரிந்து, பறக்கும்போது மடிந்துகொள்ளும் சக்கரத்தோடு பழகியவர் ஆயிற்றே! அலுமினியக் குழாய்களை வைத்து, குடை போல மடியும் வண்டி செய்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மூன்று கிலோகூட இல்லை. ஆரம்பத்தில் பிள்ளை வண்டி மாளிகைக்காரர்களின் பொருள். 1733 வாக்கில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்த வண்டியை ஆடோ குட்டிக் குதிரையோ இழுத்ததாம். அதற்கு நிறுத்த இடமும் இருந்தது, ஆட்டுக்குப் புல்லும் இருந்தது.

கே: பழைய வண்டி வாங்கலாமா?
— சிக்கனம், லூயிஷம்

ப: தாராளமாக. எங்கள் வீட்டில் ஓடிய மூன்றில் இரண்டு பழையவை. விரித்ததும் 'க்ளக்' என்று பூட்டு விழ வேண்டும். விழுந்த பிறகு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், மடியக் கூடாது. பிரேக் போட்டுச் சரிவில் தள்ளிப் பாருங்கள். தோள், இடுப்பு, கால்நடு மூன்றையும் பிடிக்கிற ஐந்து முனை பெல்ட் இருக்க வேண்டும். இருக்கைத் துணியைத் தூக்கி மோந்து பாருங்கள்: பிஸ்கட் தூள் மன்னிக்கலாம், பூஞ்சணம் கூடாது. கீலைக் கட்டாயம் பாருங்கள். மடிக்கும்போது பிள்ளைகள் விரலை விட்டு நுனி துண்டிக்கப்பட்டதால், 2009இல் அமெரிக்காவில் ஒரு பிரபல நிறுவனம் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீல்மூடி கொடுக்க வேண்டி வந்தது. நீங்கள் மடிக்கும்போது பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும்.

கே: வெயிலுக்கு வண்டியை மெல்லிய துண்டால் மூடலாமா?
— கேள்வி மட்டும், ஸ்லாவ்

ப: கூடாது. காற்று நின்று உள்ளே சட்டென்று சூடேறும். வண்டியின் சொந்தக் குடை, மர நிழல், அல்லது வீடு.

கே: டொரண்டோவில் இருக்கும் பேரனுக்குச் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை இங்கிருந்து கொண்டுபோகட்டுமா?
— பாட்டி, ஈஸ்ட் ஹாம்

ப: வேண்டாம் பாட்டி. கனடாவில் 2004 முதல் அதற்குத் தடை. விற்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. முறுக்கு கொண்டுபோங்கள்.

கே: வண்டியை எப்போது கழித்துக்கட்டுவது?
— இடமில்லாதவன், வால்தம்ஸ்டோ

ப: என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக் கடைசி வண்டியில் பிள்ளைகள் ஏற மறுத்த பிறகு, அது இரண்டு வருஷம் பத்துக் கிலோ பொன்னி அரிசியைச் சுமந்தது. சரியக் கூடாது என்று பெல்ட்டும் போட்டுவிடுவேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குனிந்து எட்டிப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல பிள்ளை, அழவே இல்லை" என்றார்.