1699ஆம் ஆண்டுக் கோப்பு இன்னும் நிலுவையில்

பெறுநர்: உள்துறை விவகாரப் பிரிவு, ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: எல்லைப் பாதுகாப்பு – குரோவேஷியாவிலிருந்து போஸ்னியாவுக்கு இலையுதிர் காலத்தில் தனியாகக் கார் ஓட்டிச் செல்வோர் – அவர்களால் ஐரோப்பாவுக்கு நேரக்கூடிய ஆபத்து – தொடர்பாக.

பார்வை: கார்லோவிட்ஸ் உடன்படிக்கை, நாள் 26.01.1699.

ஐயா / அம்மையீர்,

குரோவேஷியாவின் ஸ்ப்ளிட், துப்ரோவ்னிக், போஸ்னியாவின் மோஸ்தார், சாராயேவோ ஆகிய நான்கு பழைய நகரங்களையும் ஒரே கார்ப் பயணத்தில் பார்த்துவிடலாம். அக்டோபர் மாதம் இதற்கு ஏற்றது. கடற்குளியல் கூட்டம் கலைந்திருக்கும். நெரெத்வாக் கழிமுகத்தில் மாண்டரின் ஆரஞ்சு அறுவடை நடக்கும். மலைச் சாலைகளில் பொதுவாகப் பனி விழத் தொடங்கியிருக்காது. தனியாகப் புறப்படுபவர் ஓட்டுநர், வழிகாட்டி, ஆவணக் காப்பாளர் ஆகிய மூன்று பதவிகளையும் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார். இத்தகைய நபரைத் தங்கள் அலுவலகம் கண்காணிப்பது இயல்பே.

ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் செல்லும் பழைய கடலோரச் சாலை, நெயும் என்ற ஊரில் சுமார் 9 கி.மீ. தூரம் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியேறுகிறது. காரணம் பார்வையில் கண்ட உடன்படிக்கையே. துப்ரோவ்னிக் அன்று ரகூசா என்ற தனிக் குடியரசு. அண்டையில் இருந்த வெனிஸ் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சிய ரகூசா, இடையில் ஒரு துண்டு நிலத்தை, அன்று போஸ்னியாவை ஆண்ட ஒட்டோமான் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தது. வெனிஸ் குடியரசு 1797இல் மறைந்தது. ரகூசா 1808இல் கலைக்கப்பட்டது. ஒட்டோமான் பேரரசு 1922இல் முடிந்தது. சம்பந்தப்பட்ட மூவரும் காலமான பின்னும் அந்த எல்லைக்கோடு பணியில் நீடிக்கிறது. அதற்கு இன்னும் ஓய்வு வயது நிர்ணயிக்கப்படவில்லை.

இக்குறையைத் தங்கள் ஆணையம் கவனிக்காமல் இல்லை. கோட்டைத் தொடாமல் அதைச் சுற்றிக்கொண்டு போவதற்காக 2.4 கி.மீ. நீளத்தில் பெல்யேஷாட்ஸ் பாலம் கட்டப்பட்டு, 2022 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 35.7 கோடி யூரோ வழங்கியது. கட்டியது சீன நிறுவனம். இன்று இல்லாத வெனிஸ் படைக்குப் பயந்து அன்று போட்ட கோட்டைத் தாண்ட இவ்வளவு செலவழித்த பெருந்தன்மை பாராட்டுக்குரியது.

2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா, உள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதனால் போஸ்னியாவை ஒட்டிய எல்லை இப்போது ஷெங்கனின் வெளி எல்லை. இந்தியக் கடவுச்சீட்டுடன் வருபவரிடம் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா இருந்தால் போஸ்னியா தனி விசா கேட்பதில்லை. ஒருமுறை நுழைவு விசாவுடன் வந்தவர் மோஸ்தாரைப் பார்க்க ஆசைப்பட்டால், துப்ரோவ்னிக்குக்குத் திரும்பும் ஆசையை விட்டுவிட வேண்டும். வாடகைக் காரில் எல்லை தாண்ட நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல், அதாவது சரியாக இப்பருவத்தில், கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் விரல்ரேகையும் பதியும் முறை தொடங்கியது. பதிவுகள் பொதுவாக மூன்று ஆண்டுகள் காக்கப்படும்.

வருவோரைச் சந்தேகிக்கும் விஷயத்தில் துப்ரோவ்னிக்குக்கு முன்னனுபவம் உண்டு. கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோரை ஒரு மாதம் வெளியே தங்கவைக்கும் சட்டத்தை 1377இலேயே இயற்றிய நகரம் அது. ஒரு மாதம் கழிந்து நோய் இல்லையென்றால் அவர்மீது சந்தேகம் தீர்ந்தது. மூன்று ஆண்டுச் சந்தேகம் பிற்கால முன்னேற்றம்.

மோஸ்தாரின் பழைய பாலத்தை 1566இல் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் ஹைருத்தீன் கட்டினார். 427 ஆண்டுகள் நின்ற அது, 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோவாட் படையின் பீரங்கிக் குண்டுகளால் ஆற்றில் விழுந்தது. 2004இல் மீண்டும் கட்டப்பட்டது. இடித்தவர்கள் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் அல்லர் என்பது பதிவுக்காகக் குறிக்கப்படுகிறது.

சாராயேவோவில் பள்ளிவாசல், கத்தோலிக்கப் பேராலயம், ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், யூத வழிபாட்டிடம் ஆகியவை சிறிது நடைதூரத்துக்குள் உள்ளன. அங்கே லத்தீன் பாலத்தருகே 1914 ஜூன் 28 அன்று கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார். முதல் உலகப்போர் மூண்டது. பிரின்சிப் செர்பியாவிலிருந்து போஸ்னியாவுக்குள் ரகசியமாக வந்தவர். அவருக்கு வழிகாட்டி உதவியவர்களில் செர்பிய எல்லை அதிகாரிகளும் இருந்தனர். வரிசையில் நின்று ஆவணம் நீட்டுபவரிடம் அஞ்ச வேண்டியது குறைவு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆகவே கோரப்படுவன இரண்டு. முதலாவது, நெயும் சாவடியில் இக்கோடு யாருக்கு அஞ்சி, எந்த ஆண்டில் போடப்பட்டது என்று ஓர் அறிவிப்புப் பலகை வைக்கலாம். வரிசையில் நிற்போருக்குப் படிக்க நேரம் இருக்கிறது. இரண்டாவது, போஸ்னியா 2022 டிசம்பர் முதல் ஒன்றியத்தின் வேட்பாளர் நாடு. சீர்திருத்தங்களை முடிக்க வேண்டியது அந்நாட்டின் பொறுப்பு. முடித்த பின் கோப்பை மேசையில் தூங்கவிடாமல் இருப்பது தங்கள் பொறுப்பு. அதுவரை, காரில் தனியாக வருபவரிடம் வெனிஸ் படை ஏதும் இல்லை என்பதைக் கருத்தில் கொண்டு, அவரை விரைவாக அனுப்பி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.