சளி வாங்கியல்: ஒரு சிற்றிலக்கணம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழலுக்குள் டியூப் போட்டவரால் இருமிச் சளி துப்ப இயலாது. அவருக்காகச் செவிலியர் அதை உறிஞ்சி எடுப்பது சக்‌ஷன் எனப்படும். அதைச் செய்வோர் நால்வகையர்: கடிகாரத்தார், குறியறிவார், ஆழங்காண்பார், நீர்வார்ப்பார்.

கடிகாரத்தார், 2 மணிக்கொரு முறை தவறாமல் போடுவர். சார்ட்டில் கட்டம் இருப்பதால் நெஞ்சில் சளியும் இருந்தாக வேண்டும் என்பது இவர் கோட்பாடு.

குறியறிவார், குறி கண்டே உறிஞ்சுகுழலாகிய கதீட்டரின் உறையைப் பிரிப்பர். குறிகளாவன: ஸ்டெத்தில் கரகரப்பு, வென்டிலேட்டர் அலைக்கோட்டில் ரம்பப் பல், ஏறும் காற்றழுத்தம், இறங்கும் ஆக்சிஜன். அமெரிக்க சுவாசச் சிகிச்சைச் சங்கத்தின் 2010, 2022 வழிகாட்டிகள் இரண்டும் இவர் கட்சி.

ஆழங்காண்பார், தட்டும்வரை விடுவர். தட்டுவது மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் முகடு. அது புண்படும், நாடித்துடிப்பும் சட்டென்று இறங்கலாம். டியூபின் நீளம் அறிந்து நுனியருகே நிற்பதே முறை.

நீர்வார்ப்பார், சளி இளகட்டும் என்று சலைன் ஊற்றுவர். சளி அதனோடு கலவாது; ஊற்றியது முழுதும் திரும்பாது; ஆக்சிஜன்தான் குறையும். இளக்கும் வேலை வென்டிலேட்டரின் ஈரமூட்டிக்கு உரியது.

இனி அளவு. கதீட்டரின் தடிமன் டியூப் உள்விட்டத்தில் பாதியை மீறலாகாது, 8 மி.மீ. டியூபுக்கு 12-ஆம் எண்ணே எல்லை. முன்னதாக 30 முதல் 60 விநாடி முழு ஆக்சிஜன். உறிஞ்சல் வெளியே இழுக்கையில் மட்டும். உள்ளே போய்த் திரும்ப 15 விநாடிக்கு மேல் ஆகாது. தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு செய்க, நோயாளிக்கும் அப்போது மூச்சில்லை என்பது நினைவில் நிற்கும். டியூபில் போட்ட கதீட்டரை வாயில் போடலாம். வாயில் போட்டது டியூபுக்குத் திரும்பலாகாது.

புறனடை: தேர்வுத்தாளில் நால்வரும் குறியறிவாரே. வார்டில் நால்வரும் ஒருவரே. ஒரு வென்டிலேட்டரோடு நிற்கும் சிஸ்டர் குறியறிவார், மூன்று வென்டிலேட்டரும் ஒரு புது அட்மிஷனும் சேர்ந்த இரவில் அவரே கடிகாரத்தார், அவசரத்தில் ஆழங்காண்பார், பெரிய டாக்டர் சொன்னால் நீர்வார்ப்பார்.

இத்திரிபுக்குக் காரணம் அறியாமை, ஆகவே வகுப்பெடுக்க என்பது ஒரு மதம். ஆள் பற்றாமை, ஆகவே ஆள் போடுக என்பது மற்றொரு மதம். பின்னதே வலியுடைத்து, முன்னது செலவு குறைந்தது ஆதலின் நிர்வாகத்தார் அதனையே கொள்வர்.