ராசினாமா எழுதிய மருமவனுக்கு

மேலதிகாரி மொறச்சாருன்னு ராசினாமா எழுதி சட்டைப்பையில வச்சுக்கிட்டு அலையுதியாமே மருமவனே? எழுதுதது லேசு, நீட்டத் தெரியணும்லா. அதுக்கு வியட்நாம் நாட்டு அந்தக்காலத்து உத்தியோகஸ்தங்ககிட்டதான் பாடம் கேக்கணும். ராப்பகலாப் படிச்சு, அரசாங்கப் பரீட்சையில தேறி, பதவிக்கு வந்த ஆளுக அவுக. வேண்டாம்னு தோணிட்டா ‘காவ் குவான்’னு ராசாவுக்கு மனு போடுவாக. ஆத்தாளுக்கு வயசாச்சு, எனக்கு மேலுக்குச் சொகமில்ல, ஊருக்குப் போக உத்தரவு வேணும்னு இருக்கும். உம்ம மூஞ்சியே புடிக்கலன்னு எவன் எழுதுவான்? கழுத்து மேல தலை நிக்கணும்லா.

14-ம் நூற்றாண்டுல சு வான் ஆன்னு ஒரு வாத்தியாரு. ராசாவச் சுத்தி ஜால்ரா போட்ட ஏழு பேரு தலைய வாங்கச் சொல்லி மனு குடுத்தாரு. ராசா காதுலயே போட்டுக்கல. உத்தியோகத் தொப்பியக் கழட்டி மாட்டிட்டு, சி லின் மலைப்பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போயிட்டாரு. 200 வருசம் கழிச்சு நுயென் பின் கியெம், ஏழு எதுக்குப் பத்தும்னு 18 தலை கேட்டாரு. அதுவும் நடக்கல, 1542-ல அவரும் ஊருக்கு நடையக் கட்டுனாரு. நீயும் கேட்டுப் பாரேன், நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து.

எனக்குப் புடிச்ச ஆளு நுயென் குயென்தான். அரசாங்கப் பரீட்சை மூணு கட்டத்துலயும் முதல் ஆளு. பிரெஞ்சுக்காரன் நாட்ட அமுக்கின 1884-ல, கண்ணு சரியில்லன்னு சொல்லிட்டு யென் டோ கிராமத்துக்கு வந்து உக்காந்துட்டாரு. உக்காந்தவரு சும்மாவா இருந்தாரு? பிள்ளைக வெளயாடுத காயிதப் பண்டிதர் பொம்மையப் பாத்து, பட்டம் வாங்கின பெரிய மனுசங்களையெல்லாம் பாட்டுலயே நாறடிச்சாரு. கண்ணு அவ்வளவு மங்கல்!

நுயென் கோங் சூ இன்னொரு தினுசு. 70 வயசுல, 1848-ல பதவிய எறக்கி வச்சாரு. குதிரைக்குக் கட்டுத மணிய மாட்டுக் கழுத்துல மாட்டி, அது மேல ஏறிச் சவாரி. மாட்டு வால்பக்கம் ஒரு பாக்கு மட்டையக் கட்டித் தொங்கவிட்டு, ஊர்வாய மூடத்தான்னு சொன்னாராம். கதைதான், ஆனா நல்ல கதை.

அவுகளுக்கெல்லாம் பாட்டு இருந்துச்சு, சிஷ்யப்பிள்ளைக இருந்தாக, திரும்பிப் போக ஊர் இருந்துச்சு. அது கெடக்கட்டும், ஒன் மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் எத்தன தவணை பாக்கி?