தினம் ஐம்பது சொல்: வங்காளிகளுக்கு இங்கிலீஷ் வழிகாட்டி

கொல்கத்தாவிலும் டாக்காவிலும் இங்கிலீஷோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளே, வாருங்கள். சொல்வளம் பெருகவில்லையே என்று முகம் வாடியிருக்கிறீர்கள். வாட வேண்டாம். நீங்கள் சரியான வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், வேகம்தான் போதவில்லை. கீழே எட்டுப் படிகள் இருக்கின்றன. ஒன்று விடாமல் ஏறுங்கள். ஆறே மாதத்தில் எதிரே நிற்பவருக்குப் புரியாத இங்கிலீஷ் உங்களுக்குக் கைவந்துவிடும். உங்களுக்கே புரியாத இங்கிலீஷுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும்.

1. புத்தகம் வாங்குங்கள்.

கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடைகளுக்குப் போங்கள். நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ 1949இல் வெளிவந்தது. இன்றைக்கும் நடைபாதையில் அடுக்கிக் கிடக்கிறது. பேரம் பேசி வாங்குங்கள். பக்கத்திலேயே சம்சத் இங்கிலீஷ்-வங்காளி அகராதி. கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் அதையும் வாங்குங்கள். புத்தகம் வீட்டுக்கு வந்தாலே பாதிச் சொற்கள் தலைக்குள் வந்த மாதிரி. மீதிப் பாதிக்கு இன்னொரு புத்தகம் வாங்குங்கள்.

2. அகர வரிசையில் ஆரம்பியுங்கள்.

கோடு போட்ட நோட்டு, மூன்று பத்தி, சிவப்புப் பேனா. முதல் நாள்: அபேஸ், அபாஷ், அபேட், அபெட். ஒரே முகச்சாயல் உள்ள நாலு பேரை ஒரே ராத்திரியில் அறிமுகப்படுத்திக்கொண்டால், ஆயுசுக்கும் யார் எவர் என்று குழம்பலாம். ஐம்பது சொல் முடித்துவிட்டுத்தான் படுக்கவேண்டும். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். புது ஐம்பது காத்திருக்கிறது. ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் அர்த்தமற்ற அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் எழுதினார். ஒரு நாளுக்குள் பெரும்பகுதி போயே போய்விட்டது. நாள் விட்டு நாள் புரட்டிப் பார்த்ததுதான் தங்கியது. பாவம், அவருக்கு நேரம் இருந்தது. ‘சி’ வரிசை வந்ததும் உங்களுக்குக் காய்ச்சல் வரும். நோட்டு நிற்கும். தேறியதும் புது நோட்டு வாங்கி மறுபடி ‘ஏ’யிலிருந்து ஆரம்பியுங்கள்.

3. தாய்மொழிக் கொக்கி போடுங்கள்.

‘அபாஷ்’ என்றால் வெட்கப்பட வைப்பது. வங்காளியில் ‘ஆபாஷ்’ என்றால் குடியிருப்பு. இரண்டையும் முடிச்சுப் போடுங்கள்: வெட்கப்பட்டவன் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டான். அருமையாக நினைவிருக்கும். பரீட்சை அறையில் சொல்லைப் பார்த்ததும் வீடு கண்ணுக்கு முன்னால் வரும், திண்ணை வரும், மாடிப்படி வரும். வெட்கம் மட்டும் வராது. ‘வீடு’ என்று எழுதிவிட்டு வாருங்கள். வெட்கம் ரிசல்ட் அன்று வரும்.

4. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கறாராக இருங்கள்.

இந்தப் படியில் வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கள். உங்கள் மொழியில் ‘காவா’ என்றால் உண்பது. சோறு உண்கிறீர்கள், சரி. தண்ணீரையும் உண்கிறீர்கள், தேநீரையும் உண்கிறீர்கள், சிகரெட்டையும் உண்கிறீர்கள். மாலையில் ஏரிக்கரைக்குப் போய்க் காற்றை உண்கிறீர்கள். லஞ்சத்தை உண்கிறீர்கள், அடியை உண்கிறீர்கள், தடுக்கி விழுந்தால் அந்த விழுதலையும் உண்கிறீர்கள். தமிழன் இதிலே பாதியைக் கடையே இல்லாமல் வாங்குவான்: காற்று வாங்குவான், லஞ்சம் வாங்குவான், அடி வாங்குவான். இங்கிலீஷ்காரன் ‘டேக்’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தேநீர், காற்று, லஞ்சம், அடி, தடுக்கி விழுவது எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுவான்.

ஆக, ஒரு சின்னச் சொல் எப்படிப் பத்து வீட்டு வேலை பார்க்கும் என்பது உங்களுக்குப் பால்குடிப் பருவத்திலேயே தெரியும். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். நோட்டில் ‘டேக் என்றால் எடு’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு மூடுங்கள். கெட், புட், ரன், செட் எல்லாம் மூன்றாம் வகுப்புச் சொற்கள். அவற்றோடு சகவாசம் வேண்டாம்.

5. பாட்டியின் சொற்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் பாட்டி இங்கிலீஷ் படித்ததில்லை. ஆனால் ‘ஹாஷ்பாதால்’ போவார், ‘டாக்தார்’ பார்ப்பார். மிடுக்கான மாமியாரை ‘ஜாந்த்ரேல்’ என்பார், அது ஜெனரல். சிறையை ‘காரோத்’ என்பார், அது கார்டு. அலட்டுகிறவனை ‘லாட் சாஹேப்’ என்பார்; அது லார்டு. இப்படி எத்தனையோ சொற்கள் அடுப்படியிலேயே கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி, அவை உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் மறக்கவே மறக்காது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கஷ்டப்படாமல் வந்தது கல்வியா?

6. தலையங்கம் மட்டும் படியுங்கள்.

‘ஸ்டேட்ஸ்மன்’ தலையங்கத்தைப் படி என்று வங்காளத்து அப்பாக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு போடாத வரி தென்பட்டால் பத்திரிகையின் தரம் இறங்கிவிட்டது என்று பொருள்.

விளையாட்டுப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். நேற்று கால்பந்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியதைத் தொண்டை கட்டக் கத்திப் பார்த்திருக்கிறீர்கள். யார் கோல் போட்டது, எந்த நிமிடத்தில் சமமானது எல்லாம் தெரியும். இப்போது செய்தியில் ‘ஈக்வலைசர்’ என்று வந்தால் அகராதியைத் திறக்காமலே பொருள் புரிந்து தொலைக்கும். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய அகராதி என்ன ஆவது?

7. மைக்கேல் வெஸ்ட்டை மறந்துவிடுங்கள்.

யார் அவர் என்று கேட்கிறீர்களா? சபாஷ், பாதி வேலை முடிந்தது. பிரிட்டிஷ் காலத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த இங்கிலீஷ்காரர். வங்காளப் பையன்களின் பாடப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொல், ஒருமுறை வந்தது திரும்பி வருவதில்லை. அபூர்வச் சொற்களைக் களைந்தார். அடிக்கடி புழங்கும் சொற்களை வைத்து, திரும்பத் திரும்ப வரச்செய்து வாசிப்பு நூல்கள் எழுதினார். வங்காளத்தை முன்வைத்து இருமொழிக் கல்வி பற்றி 1926இல் ஒரு நூல். 1935இல் ஓர் அகராதி: 1,490 சொற்களை மட்டும் வைத்துச் சுமார் 24,000 பதிவுகளுக்கு விளக்கம். 1953இல் சுமார் 2,000 சொற்களின் பொதுப் பட்டியல்; சாதாரண இங்கிலீஷ் எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டாயிரம்தானா! தினம் ஐம்பது என்றால் நாற்பதே நாள். ஒரு மண்டலம்கூடத் தேறாது. அப்புறம் கோச்சிங் சென்டர்காரர் பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவார்? கொஞ்சம் மனிதாபிமானம் காட்டுங்கள்.

8. வாயைத் திறக்காதீர்கள்.

‘வெரி’யின் முதலெழுத்து உங்கள் வாயில் மூச்சுக் கலந்த ‘ப’ ஆகிறது. ‘ஸ்கூல்’ முன்னால் ஓர் ‘இ’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாலு ‘ப’ ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவன் நான், எங்கள் ஊரிலும் அது ‘இஸ்கூல்’தான், சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வகுப்பில் சிரிக்க ஆள் உண்டு. எனவே கற்ற சொல்லைச் சொல்லிப் பார்க்காமல் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள், லீவு லெட்டரில் மொத்தமாகக் கொட்டலாம். காய்ச்சலை ‘ஃபீவர்’ என்றால் ஒரு நாள்கூடக் கிடைக்காது. ‘இன்டிஸ்போஸ்ட்’ என்று எழுதுங்கள். மேலாளர் அகராதி தேடி முடிப்பதற்குள் லீவே முடிந்திருக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை.

புத்தகம் வாங்கிய களைப்பில் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் மாடியேறி உட்காருவீர்கள். அங்கே பால் விடாத காபிக்குப் பெயர் ‘இன்ஃப்யூஷன்’. தலைப்பாகை கட்டிய வெயிட்டர் சொல்கிறார், பக்கத்து மேஜைக் கவிஞர் சொல்கிறார், மூன்று மணி நேரமாக ஒரே கோப்பையோடு புரட்சி பேசுகிறவர் சொல்கிறார். நீங்களும் சொல்லிவிட்டீர்கள், தயக்கமே இல்லாமல். எந்த நோட்டிலும் எழுதாத சொல், குடித்துக் குடித்தே வந்துவிட்டது.

இது பெரிய ஒழுங்கீனம். கோப்பையை உடனே திருப்பி அனுப்புங்கள். நீங்கள் இன்னும் ‘சி’யில்தான் நிற்கிறீர்கள், ‘காபி’ என்று கேட்டுப் பாலோடு குடியுங்கள். ‘ஐ’ வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.