கணினிக் களவியல்: ஓர் ஆய்வு

பழைய கணினியையும் கம்பியில்லா ஸ்பீக்கரையும் சேர்த்துவைப்பது பொறியாளர் வேலை என்றே இதுவரை கருதப்பட்டு வருகிறது. அது பொருந்தாது. ஊரறியாமல், கண்ணுக்குத் தெரியாமல், இடையில் ஒரு கயிறுகூட இல்லாமல் இருவர் கூடினால் நம் இலக்கணம் அதைக் களவு என்கிறது. புளூடூத் வேறென்ன? எனவே இப்பொருளில் தீர்ப்புச் சொல்லும் உரிமை அகப்பொருள் கற்றவர்க்கே உரியது என்று இக்கட்டுரை நிறுவும்.

1. தலைமக்கள்

யார் தலைவன், யார் தலைவி? பாட்டை அனுப்புவது கணினி, ஆகவே அதுவே தலைவன் என்பர் ஒரு சாரார். அவர்கள் ஒழுக்கத்தைக் கவனிக்கவில்லை. கணினி மேசையை விட்டு அசையாது; மேலே பூப்போட்ட உறை வேறு. தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் இற்செறிப்பு இதுவே. ஸ்பீக்கரோ மொட்டைமாடி, சமையலறை, காரின் பின்சீட்டு என்று ஊர் சுற்றிவிட்டு, சார்ஜ் தீர்ந்த பிறகுதான் வீட்டு நினைப்பு வந்து திரும்பும். தலைவன் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பழைய கணினிக்குப் பிறவியிலேயே புளூடூத் கிடையாது. அதனால் தோழி இன்றியமையாதவள். சென்னை ரிச்சி தெருவில் ‘புளூடூத் டாங்கிள்’ என்று கேட்டால், நகமளவில் ஒரு தோழியை எடுத்துத் தருவார்கள்.

2. கைக்கிளை

கைக்கிளை என்பது ஒருதலைக் காதல். தொல்காப்பியம் ஏழு திணைகளுள் அதை முதலில் வைத்தது. கணினியும் அங்கேதான் தொடங்குகிறது. ‘தேடுகிறது’ என்று திரையில் ஒரு வட்டம் சுற்றும். பக்கத்து வீட்டு டிவி வரும், யாருடைய கைப்பேசியோ வரும், தேடப்படும் தலைவன் மட்டும் வரமாட்டான். ஸ்பீக்கரை ‘ஆன்’ செய்தால் போதும் என்று நினைப்பதே காரணம். பொத்தானைச் சில வினாடி விடாமல் அழுத்தி, நீல விளக்கு படபடவென்று மினுங்கினால்தான் அவன் புதிய உறவுக்கு இசைந்தான் என்று பொருள். உடனே சீன வாடை வீசும் ஆங்கிலத்தில், தான் தயார் என்று தெருவுக்கே கேட்க அறிவிப்பான். இஃது அலர்.

மரபு வழுவாத பழைய கருவிகள் அடுத்து ஒரு மறைமொழி கேட்கும். அது பெரும்பாலும் 0000. அதுவும் இல்லையென்றால் 1234. இப்படி ஊரறிந்த இரகசியத்தைக் கேட்கும் வழக்கம், 2007-இல் வந்த புளூடூத் 2.1-க்குப் பிறகு குறைந்தது.

3. குறியும் அல்லகுறியும்

களவில் கூடுமிடத்தைக் குறி என்பர். பிடிபடாமலிருக்க அதை அவ்வப்போது மாற்றுவதும் உண்டு. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பில் 79 தடங்களை வைத்துக்கொண்டு, வினாடிக்கு 1,600 முறை குறியிடம் மாற்றுகிறது. சங்கத் தலைவன் எவனும் இவ்வளவு அஞ்சியதில்லை. இவ்வாறு அலைவரிசை தாவும் உத்திக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் காப்புரிமை பெற்றனர் என்பது, இத்துறை பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று என்ற நம் வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

ஆயினும் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பரப்பில்தான் நடமாடுகின்றன. சமையலறையில் சாம்பார் சூடானால் முன்னறையில் சரணம் திக்குகிறது. குறி பிழைக்கும் இதுவே அல்லகுறி. இதனினும் கொடியது தோழியைச் சிபியுவின் பின்புறம் செருகுவது. முன்னே இரும்புப் பெட்டி, பின்னே சுவர். அவள் எப்படித் தூது போவாள்? முன்பக்கத் துளையில் செருகுக. இல்லையேல் நீட்டிப்புக் கம்பி போட்டு மேசைமேல் கொணர்க.

4. மருதம்

மருதத்துக்கு உரியது ஊடல். அதன் காரணம் எல்லாரும் அறிந்ததே. ஸ்பீக்கர் கடைசியாகக் கூடிய கைப்பேசியை மறப்பதில்லை. மகன் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவுடன், அவன் கைப்பேசியை நோக்கித் தலைவன் தானே ஓடிவிடுவான். தலைவி எவ்வளவு தட்டினாலும் ‘இணைக்க இயலவில்லை’ என்பதே விடை. கைப்பேசியில் புளூடூத்தை அணைப்பதொன்றே ஊடல் தீர்க்கும் வாயில்.

இரண்டாம் வகை ஊடல் நுட்பமானது. மைக் உள்ள ஸ்பீக்கர், கணினியின் ஒலிப் பட்டியலில் ‘ஸ்டீரியோ’ என்றும் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்றும் இரட்டை வேடத்தில் தோன்றும். இரண்டாவதைத் தேர்ந்தால், குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகளாக இருந்த ஒலி, பழைய கருவிகளில் 8,000-ஆகச் சுருங்கிவிடும். இளையராஜாவின் வயலின்கள் அத்தனையும் டிரங்க் கால் போலக் கேட்கும். ஸ்பீக்கர் மட்டமானது என்று பலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். முதல் பெயரைத் தேர்ந்தால் சண்டை மிச்சம்.

5. பெருந்திணை

பொருந்தா உறவு பெருந்திணை. கணினி விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுவதாயின் நிலை இதுவே. 2001-இல் பிறந்த எக்ஸ்பிக்கு, 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் புளூடூத் கிடைத்தது. விசைப்பலகையோடும் மவுஸோடும் உறவாட அது போதும். ஸ்டீரியோ இசையைச் சுமக்கும் ஏ2டிபி என்னும் நெறிமுறையை மட்டும் அது அறியாது. ஆகவே திரையில் ஸ்பீக்கரின் பெயர் வரும், சேர்ந்துவிட்டதாகச் செய்தியும் வரும், பாட்டு வராது.

தனி மென்பொருள் வேண்டும். அது தோழியோடு வந்த, உள்ளங்கையில் அடங்கும் 8 செ.மீ. தகட்டில் இருக்கும். தகட்டை வைக்க வேண்டிய டிரேயோ வெளியே வராது. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, அதன் முகப்பிலுள்ள ஊசித்துளையில் குத்தினால் கொஞ்சம் நாக்கை நீட்டும். பிறகு விரலால் இழுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து தகட்டைப் போட்டால், மென்பொருள் விண்டோஸ் 7-க்கு மேல் கேட்கும். காதலுக்காக நாணம் துறந்து பனைமடல் குதிரை ஏறும் மடலேறுதலைப் பெருந்திணையில் ஏன் வைத்தார்கள் என்பது ஜெம் கிளிப்பும் கையுமாய் நிற்பவர்க்கு உரையின்றியே விளங்கும்.

6. கற்பு

களவின் முடிவு கற்பு. அதற்குத் திருமணச் சடங்காகிய கரணம் வேண்டும்; இங்கே கரணமாவது இரு முனையிலும் 3.5 மி.மீ. ஊசி கொண்ட ஆக்ஸ் கம்பி. கணினியின் பின்புறம் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என மூன்று துளைகள் உள. பச்சையே ஸ்பீக்கருக்கு உரியது. இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. கம்பி இட்டபின் டிரைவர் இல்லை, மறைமொழி இல்லை, தோழியும் வேண்டா. படத்தில் வாயசைவு முந்தி வசனம் பிந்தும் புளூடூத் குறையும் நீங்கும்.

கம்பி போட்டால் அது கம்பியில்லா ஸ்பீக்கர் ஆகுமா எனின், ஆகாது. பாட்டு கேட்கும். வாங்கிய நோக்கம் பாட்டா, கம்பியின்மையா என்பதை வாங்கியவரே தெளிக. இத்துளை இல்லாத ஸ்பீக்கர்களும் இப்போது பெருகிவிட்டன; அவற்றை மணந்தார்க்குக் கற்பியல் இல்லை, என்றும் களவே.

இறுதியாக ஓர் எல்லை வகுத்தல். ஒலி கேட்டுவிட்ட மகிழ்ச்சியில் முழுச் சத்தத்தில் வைப்பதும், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவை இடிப்பதும், உள்ளே தாழிட்டுக்கொள்வதும் இவ்வாய்வில் அடங்கா. அவை முறையே படையெடுப்பாகிய வஞ்சி, முற்றுகையாகிய உழிஞை, மதில்காவலாகிய நொச்சி. புறத்திணை அறிஞர் பார்த்துக்கொள்வர்.