பீஸ் போதல்: பெரியப்பா வீட்டு ஆம்ப்ளிஃபயரை முன்வைத்துச் சில குறிப்புகள்

சொல்லாய்விலிருந்து தொடங்குவது மரபு. 'பீஸ்' தமிழில் மூன்று பொருளில் வழங்குகிறது: பள்ளிக்கூடத்தில் கட்டுவது, பிரியாணியில் தேடுவது, கரண்டில் போவது. முதலிரண்டும் வேறு துறையினருக்கு உரியவை. மூன்றாவது, உருகுதல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் பிறந்தது. ஆனால் 'பீஸ் உருகியது' என்று சொன்ன தமிழர் எவருமில்லை. உயிரைப் போல, மானத்தைப் போல, அதுவும் போகிறது.

ஆய்வுப்பொருள், 1985 வாக்கில் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் அசெம்பிள் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். மரப்பெட்டி, முதுகில் ஹீட் சிங்க், அதன்மேல் நான்கு 2என்3055 டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 15 ஆம்பியர் தாங்கும் முரட்டு ஜாதி. நோய்: பாட்டு நடுவில் பீஸ் போய்விடும். புதிது மாட்டினால் அதுவும் போகும்.

பெரியப்பா எதையும் தூக்கி எறியாதவர் என்பதால் அகழாய்வு எளிதாயிற்று. காலி மாத்திரை டப்பாவில் செத்த பீஸ்கள் 14 கிடைத்தன. இவற்றை ஓலைச்சுவடி போல வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டும். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால், கொஞ்சம் கூடுதலான சுமையில் மெல்லப் போனது. கண்ணாடியின் உள்பக்கம் கருகியோ ரசம் பூசியது போலவோ இருந்தால் ஷார்ட். பதினான்கும் கரி. உலகம் முழுக்க மனிதர்கள் இந்தச் சாட்சியைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் அடுத்த பீஸ் வாங்கக் கடைக்குப் போகிறார்கள்.

அடிமட்ட அடுக்கில் ஒரு பீஸ்மேல் சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள் சுற்றியிருந்தது. இது தனி மரபு. இம்மரபில் பீஸ் போவதே கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர்தான் போகும், யோகமிருந்தால் வீடும். பெரியம்மா அந்தப் பீஸைத் தாளோடு உருவி எறிந்ததாக வாய்மொழி வழக்கு உண்டு.

முதல் கருதுகோள், ரகம் மாறிவிட்டது என்பது. பீஸின் உலோகத் தொப்பியில் 'எஃப்' என்றிருந்தால் சட்டென்று போகும்; 'டி' என்றிருந்தால் யோசித்துப் போகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சைப் போட்டதும் ஒரு மடக்கு பலமாகக் குடிக்கும், அதைப் பொறுப்பது 'டி'தான். ஆனால் அந்தக் கோளாறு சுவிட்ச் போட்ட கணமே தெரியும். இங்கே இரண்டாவது சரணம்வரை போகிறது. ஆகவே தள்ளுபடி.

அடுத்தது சீரிஸ் பல்பு. 230 வோல்ட்டில் 100 வாட் குண்டு பல்பை வரிசையில் கோத்தால், உள்ளே என்ன ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எங்கள் பல்பு ஒருமுறை மின்னி மங்கிவிட்டது; கண்டென்சர்கள் வயிறு நிரம்பி அடங்கியதன் அடையாளம். பெட்டிக்குள் குற்றமில்லை.

இவ்விடத்தில் பெரியப்பா தம் கோட்பாட்டை வெளியிட்டார்.

"சீர்காழி முருகன் பாட்டுக்கு என்னிக்காவது போயிருக்காடா? இளையராஜா கேசட்டுக்குத்தான் போகும். அதுக்கும் தெரியுது."

சிரித்துவிட்டேன். பிறகு சோதித்தபோது தரவுகள் அவர் பக்கமே நின்றன. முருகன் பாட்டு மூன்று ஓடின, பீஸ் அசையவில்லை. இளையராஜாவின் பேஸ் கிடார் இறங்கியதும் அமைதி. பேஸ் எழ, பீஸ் விழ.

ஸ்பீக்கர்கள் இரண்டும், டீக்கடை முறைப்படி, மண்பானை வாயில் கவிழ்ந்திருந்தன. வலப்பக்கப் பானையைத் தூக்கிப் பார்த்தேன். ஒயரைச் சோல்டர் வைக்காமல் கையால் முறுக்கிவிட்டிருந்தார்கள். மூன்று செம்பு இழைகள் பிரிந்து, பக்கத்து முனைக்கு ஒரு நூலளவு இடைவெளியில் நின்றன. கூம்பை விரலால் தட்டினேன். இழைகள் சிலிர்த்து அந்த முனையைத் தொட்டு மீண்டன. பேஸ் வரும்போதெல்லாம் பானை அதிர்ந்து இதைத்தான் செய்திருக்கிறது. விலை கூடிய டிரான்சிஸ்டர் முந்திக்கொண்டு செத்து மலிவான பீஸைக் காப்பாற்றுவதே இத்துறையின் பொது வழக்கம். இங்கே 3055 அசராமல் நின்றது.

இழைகளை நறுக்கி, சோல்டர் வைத்து, டேப் சுற்றினேன். அதே கேசட் இரண்டு பக்கமும் முழுதாக ஓடியது.

"அப்ப சாமி பாட்டுக்கு ஏன் போகலை?"

"அதுல பேஸ் கம்மி, பெரியப்பா. பானை அதிரலை."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்" என்றவர், மிச்சமிருந்த இரண்டு பீஸை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.